முதலில் காபி, பிறகு குட்டித்தூக்கம்

108 ஆம்புலன்ஸில் இரவுப் பணி பார்ப்பவர்களுக்குத் தெரியும்: நள்ளிரவை எப்படியோ தாண்டிவிடலாம், 3 மணிக்கு மேல்தான் கண் சொக்கும். விடியும் முன் உடலின் உட்கடிகாரம் அடிமட்டத்துக்கு இறங்கும் நேரம் அது. மனஉறுதியெல்லாம் அங்கே செல்லாது.

அதற்கு முன்பே, 2 மணி வாக்கில் அழைப்பு இல்லாத இடைவெளி கிடைத்தால் ஒரு டம்ளர் காபியைக் குடித்துவிட்டு, 20 நிமிட அலாரம் வைத்துக் கண்ணை மூடுங்கள். வரிசையைத் தவறாக எழுதிவிடவில்லை, காபிதான் முதலில். காபியில் தூக்கத்தை விரட்டும் பொருளான காஃபின் வேலைசெய்யத் தொடங்க ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். நீங்கள் எழும்போது அதுவும் எழும். அரை மணி நேரத்தைத் தாண்டித் தூங்கினால் ஆழ்ந்த உறக்கத்தில் விழுந்து, எழுந்தபின் மந்தமாக இருக்கும். எழுந்த சில நிமிடங்களுக்குத் தலை தெளிவாக இராது. அந்நேரத்தில் மருந்தின் அளவை உடன் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

4 மணிக்கு மேல் காபி வேண்டாம். அதிலுள்ள காஃபினில் பாதி சுமார் 5 மணி நேரம் கழித்தும் உடலில் இருக்கும். பகல் தூக்கம் கெடும்.

பணி முடிந்ததும் பைக்கை எடுக்காமல் பஸ்ஸில் போங்கள். நடத்துநரிடம் இறங்குமிடத்தை முன்பே சொல்லிவையுங்கள்.