மைக்ரோவேவ் இணைப்பில் இரண்டாவது ஆன்டெனாவை எவ்வளவு இடைவெளியில் பொருத்துவது?

காற்று அசையாத இரவுகளில் வெப்பமும் ஈரப்பதமும் அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கும்போது, ஒரே அலை பல பாதைகளில் வந்து தன்னைத்தானே அழித்துக்கொள்வதால் நீண்ட மைக்ரோவேவ் இணைப்புகளில் சிக்னல் சரிகிறது. ஒரே கோபுரத்தில் மேலும் கீழுமாக உள்ள இரு ஆன்டெனாக்களிலும் இச்சரிவு ஒரே கணத்தில் நேர்வது அரிது என்பதே ஸ்பேஸ் டைவர்சிட்டி எனப்படும் இந்த இரட்டை ஆன்டெனா முறையின் அடிப்படை.

அலைநீளத்தைப் போல் 200 மடங்கு என்பது பொறியாளர்களிடையே வழங்கும் கணக்கு. 6 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 5 செ.மீ. என்பதால் இடைவெளி 10 மீட்டர் ஆகிறது. இதைத் தொடக்கமாகக் கொள்ளலாம். முடிவாகக் கொள்ளக் கூடாது. பெல் ஆய்வகத்தின் விகன்ட்ஸ் 1975இல் வெளியிட்ட கட்டுரையின் சூத்திரப்படி, கிகாஹெர்ட்ஸில் உள்ள அதிர்வெண்ணை மீட்டரில் உள்ள இடைவெளியின் வர்க்கத்தாலும் 0.0012ஆலும் பெருக்கி, கிலோமீட்டரில் உள்ள தூரத்தால் வகுத்து, ஃபேட் மார்ஜினின் (இணைப்பு அறுபடாமல் தாங்கக்கூடிய சிக்னல் சரிவு) மடங்கு மதிப்பால் பெருக்க வேண்டும். கிடைக்கும் மேம்பாடு, சரிவால் இணைப்பு அறுபடும் நேரம் எத்தனை மடங்கு குறையும் என்பதைக் காட்டும். 40 கி.மீ. தூரம், 35 டெசிபல் மார்ஜின் (சுமார் 3,162 மடங்கு) எனில் 10 மீட்டருக்கு மேம்பாடு ஏறத்தாழ 57 மடங்கு. 5 மீட்டருக்கு 14 மடங்கே. இரண்டாவது ஆன்டெனாவின் ஆதாயம் 3 டெசிபல் குறைந்தால் இம்மேம்பாடு பாதியாகிவிடும்.

கீழ் ஆன்டெனாவுக்குப் பாதை மறைவின்றி இருப்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். கே மதிப்பு (வளிமண்டலத்தில் அலை வளைவதைக் கணக்கில் கொள்ளப் புவி ஆரத்தைப் பெருக்கும் எண்) 4/3 ஆக இருக்கும்போது, நேர்க்கோட்டுப் பாதையைச் சூழ்ந்து அலையின் பெரும்பகுதி செல்லும் முதல் ஃப்ரெனல் வளையத்தின் ஆரத்தில் 0.6 பங்கு திறந்திருப்பது நல்ல இலக்கு.

கடல், ஏரி, உப்பளம் ஆகியவற்றைக் கடக்கும் பாதையில் இந்தச் சூத்திரம் போதாது. அங்கே பரப்பில் பட்டுத் திரும்பும் அலையே முதன்மையான எதிரி. அங்கு அலைநீளத்தைத் தூரத்தால் பெருக்கி, எதிர்முனை ஆன்டெனாவின் பயனுறு உயரத்தைப் போல் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும். மேற்கண்ட பாதையின் இருமுனைகளிலும் ஆன்டெனாக்கள் கடல் மட்டத்துக்கு மேல் 73 மீட்டரில் இருந்தால், புவி வளைவு நடுவில் 23 மீட்டருக்குச் சற்று அதிகமாக மறைப்பதால் பயனுறு உயரம் சுமார் 50 மீட்டர். இடைவெளி மீண்டும் 10 மீட்டர். இங்கே தாராளம் காட்டி 20 மீட்டராக்கினால், இரு ஆன்டெனாக்களிலும் சிக்னல் ஒரே நேரத்தில் பள்ளத்தில் விழும். கே மதிப்பு 1க்கு இறங்கினால் தேவை ஏறத்தாழ 12 மீட்டராகவும், வளைவே இல்லாத நிலையில் 7 மீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும் மாறுவதால், தேர்ந்த இடைவெளியை இந்த எல்லைகள் முழுவதிலும் சரிபார்க்க வேண்டும். முனைகளின் உயரங்கள் வேறுபட்டால், ஒவ்வொரு கோபுரத்துக்கும் எதிர்முனை உயரத்தைக் கொண்டு தனித்தனியாகக் கணக்கிட வேண்டும்.