டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் தண்ணீர் தேக்கிப் பாருங்கள்

பழைய வீட்டுக் குளியலறையை நீங்களே திருத்துகிறீர்களா? டைல்ஸ் நிறமெல்லாம் அப்புறம். சுவரை உடைத்ததும் பழைய இரும்புப் பைப் துருப்பிடித்திருந்தால் அப்போதே மாற்றிவிடுங்கள். சுடுதண்ணீர் இல்லாமல் மலைநாட்டில் குளிக்க முடியுமா? அந்த லைனுக்குச் சாதாரண பிவிசி ஆகாது.

தரை வாட்டம் மீற்றருக்கு 1 முதல் 2 சென்ரிமீற்றர் இருக்கட்டும். நீர்க்காப்புப் பூச்சைச் சுவரிலும் ஒரு சாண் உயரத்துக்கு ஏற்றுங்கள். கசிவு பெரும்பாலும் மூலையில்தான் தொடங்கும். நன்றாகக் காய்ந்தபின், பொலித்தீனில் சுற்றிய துணியால் வடிகாலை அடைத்து, இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் தேக்கி, சுவரில் பென்சில் கோடு போட்டு 24 மணிநேரம் விடுங்கள். மட்டம் நன்றாக இறங்கியிருந்தால் டைல்ஸில் கை வைக்காதீர்கள், மூலைகளை மறுபடி பூசுங்கள்.

நுவரெலியா, ஹட்டன் குளிரில் பூச்சும் சீமெந்தும் மெதுவாகத்தான் காயும். டின்னில் போட்டிருக்கும் நேரத்தைவிடக் கூடுதலாகவே விடுங்கள்.