முன்னாள் துணை பொய் முறைப்பாடு கொடுத்தால்: நம்மவர்கள் விடும் தவறுகள்

எனக்குத் தெரிந்த ஒருவர், விவாகரத்து முடிந்து எட்டு மாதத்தில் பொலிஸுக்கு அழைக்கப்பட்டார். முன்னாள் மனைவியை அடித்தாராம். அடித்ததாகச் சொன்ன நாளில் அவர் நின்றது கொழும்பில், பஸ் ரிக்கற் கூடக் கையில் இருந்தது. ஆனால் பொலிஸ் அழைத்த அன்றிரவே ஆத்திரத்தில் முன்னாள் மனைவிக்கு ஒரு குரல் பதிவு அனுப்பிவிட்டார்: "உன்னைச் சும்மா விடமாட்டன்." அதன் பிறகு அந்த ரிக்கற்றைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எல்லாப் பேச்சும் அந்தக் குரல் பதிவைப் பற்றித்தான்.

எல்லாத் தவறுகளிலும் இதுதான் பெரியது. போன் எடுக்க வேண்டாம், பதில் எழுத வேண்டாம், மாமாவையோ சித்தப்பாவையோ "கதைச்சுப் பார்க்க" அனுப்பவும் வேண்டாம். இலங்கையின் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் முன்னாள் துணைக்கும் பொருந்தும். நீதவான் பாதுகாப்புக் கட்டளை (முறைப்பாடு செய்தவரைத் துன்புறுத்தக் கூடாது என்ற உத்தரவு) கொடுத்து, அதை நீங்கள் மீறினால் பத்தாயிரம் ரூபா வரை தண்டம், அல்லது ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். முதல் முறைப்பாடு பொய்யாக இருக்கலாம், மீறல் உண்மையாகிவிடும். அந்தச் சட்டம் அடிவாங்கிய எத்தனையோ பெண்களைக் காப்பாற்றியிருக்கிறது. அதனால் நீதிமன்றம் அதை இலேசாக எடுக்காது, எடுக்கவும் கூடாது.

அழைப்பாணை வந்தும் "பொய்க்கு நான் ஏன் போக வேண்டும்" என்று வீட்டில் இருப்பவர்களும் உண்டு. நீங்கள் போகாவிட்டால் மற்றவர் சொன்னதை மட்டும் கேட்டுக் கட்டளை பிறக்கும். அது 12 மாதம் வரை நீடிக்கலாம். யாழ்ப்பாணமோ மல்லாகமோ பருத்தித்துறையோ, எந்த நீதிமன்றமானாலும் முதல் தவணைக்கே சட்டத்தரணியோடு போங்கள்.

பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டால், விளங்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள், வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். "சரி, போட்டு முடிப்பம், நேரமாகுது" என்று வைத்த கையெழுத்துக்கு இரண்டு வருடம் கழித்தும் குறுக்கு விசாரணையில் பதில் சொல்ல வேண்டிவரும். காரணம் சொல்லாமல் உங்களைத் தடுத்துவைத்தால் அது அடிப்படை உரிமை மீறல். உயர் நீதிமன்றத்துக்கு (Supreme Court) போக ஒரு மாதம்தான் அவகாசம்.

அப்புறம் சான்றுகள். ஒரு சீஆர் கொப்பி (தடித்த அட்டைக் குறிப்பேடு) வாங்கி, நாள், நேரம், இடம், யார் நின்றார்கள் என்று எழுதுங்கள். வட்ஸ்அப் செய்திகளைப் படம் பிடித்துவிட்டு போனை விற்றுவிடாதீர்கள், மூலப்பதிவு வேண்டும். 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சாட்சிய (விசேட ஏற்பாடுகள்) சட்டப்படி ஒலி, ஒளிப் பதிவை முன்வைக்க விசாரணைக்கு 45 நாளுக்கு முன்பே மற்றத் தரப்புக்கு அறிவிக்க வேண்டும். கடைசித் தவணையில் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்ட முடியாது.

கோபத்தில் பிள்ளையின் பராமரிப்புப் பணத்தை நிறுத்துவது பிள்ளையைத் தண்டிப்பது. அது வேறு வழக்கு, நிலுவை ஏறினால் பிடியாணை வரும். வங்கியில் கட்டிச் சிட்டையை வைத்திருங்கள்.

"மானநட்ட வழக்குப் போட்டு உள்ளே தள்ளுவன்" என்பதும் நடக்காது. குற்றவியல் அவதூறு 2002இல் நீக்கப்பட்டுவிட்டது. லண்டனில் இருக்கும் முன்னாள் கணவன் பேஸ்புக்கில் உங்கள் ஒழுக்கத்தைப் பற்றி எழுதினால் மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்கலாம், இரண்டு வருடத்துக்குள். பொலிஸில் சொன்ன பொய்க்குத் தண்டனைச் சட்டக்கோவையின் 180, 208ஆம் பிரிவுகள் இருக்கின்றன. ஆனால் 180இன் கீழ் நீங்கள் நேரே வழக்குப் போட முடியாது. சம்பந்தப்பட்ட அரச அலுவலர் முறையிட வேண்டும், அல்லது சட்டமா அதிபர் அனுமதிக்க வேண்டும். தீய நோக்கோடு வழக்குத் தொடுத்ததற்கு நட்டஈடு கேட்பதானால், முதலில் அந்த வழக்கு உங்களுக்குச் சாதகமாக முடிய வேண்டும். அதற்கு முன்பே எதிர் வழக்கு என்று ஓடிக் காசைக் கரைத்தவர்களைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையம் இருக்கிறது, வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே உதவி கிடைக்கும். போகும்போது அடையாள அட்டை, விவாகரத்துத் தீர்ப்பின் பிரதி, அந்த சீஆர் கொப்பி மூன்றையும் கொண்டு போங்கள்.