தீவுத்திடலைச் சுற்றி ஒரு நடை: பலரும் செய்யும் தவறுகள்

சென்னையில் கூவம் ஆற்றோரமாக ஒரு வட்டம் அடித்து, கிளம்பிய இடத்துக்கே வந்து சேர வேண்டும் என்றால் ரொம்ப யோசிக்க வேண்டாம். அண்ணா சாலையில் உள்ள பெரியார் சிலையில் தொடங்கி சுவாமி சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம், போர் நினைவுச் சின்னம், கொடிமரச் சாலை, மன்றோ சிலை, பெரியார் பாலம் என்று சுற்றினால் மறுபடி பெரியார் சிலை. 2024-ல் ஃபார்முலா 4 கார் பந்தயம் நடந்ததும் கிட்டத்தட்ட இதே வளையத்தில்தான். பந்தயத் தடம் 3.5 கிலோமீட்டர். நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டு நடந்தாலும் ஒரு மணி நேரம் தாராளம்.

இவ்வளவு எளிதான நடையை எப்படிக் கெடுத்துக்கொள்ள முடியும்? முதலில், வழி நெடுக ஆறு கூடவே வரும் என்று நம்பிப் போவதால். வராது. சிவானந்தா சாலையில் இடது பக்கம் கம்பி வேலி, மரங்கள். நடுநடுவே தண்ணீர் கொஞ்சம் தென்படும். கொடிமரச் சாலையில் அதுவும் கிடையாது, சுற்றுச்சுவரும் நிழலும்தான். கூவத்தை முழுதாகப் பார்க்கப் பாலத்தின் மேல்தான் நிற்க வேண்டும். ஆனால் நம் ஆட்கள் பாலம் வந்தால்தான் நடையை வேகப்படுத்துவார்கள், மூக்கைப் பொத்திக்கொண்டு. சாலையில் வேண்டுமானால் வேகமாக நடங்கள், பாலத்தில் நில்லுங்கள்.

நேப்பியர் பாலத்துக்கு மட்டும் பத்து நிமிடமாவது ஒதுக்க வேண்டும். ஆளுநர் ஃபிரான்சிஸ் நேப்பியர் காலத்தில், 1869-ல் முதலில் கட்டியது. இன்று நாம் பார்க்கும் வில் வளைவுகள் பின்னால் வந்தவை. 2022-ல் செஸ் ஒலிம்பியாடுக்காக இதே பாலத்துக்குச் சதுரங்கக் கட்டம் அடித்தார்கள், நினைவிருக்கும். எல்லோரும் வளைவுகளைப் படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கிழக்கே திரும்பிப் பாருங்கள். முகத்துவாரத்தில் மணல் மேடு போட்டிருந்தால் தண்ணீர் அசையாமல் கிடக்கும். வாய் திறந்திருந்தால் கடல் உள்ளே ஏறி இறங்குவது தெரியும். துறைமுகம் கட்டிய பிறகு, தெற்கிலிருந்து கரையோரமாக நகர்ந்து வரும் மணல் தேங்கித்தான் மெரினா இவ்வளவு அகலமானது. கூவத்தின் வாயை அடைப்பதும் அந்த மணல்தான்.

நாற்றத்தைப் பற்றிய தவறும் இதோடு சேர்ந்ததே. "கூவமா, ஐயையோ" என்று வராமலே இருப்பது ஒரு ரகம். நாள் பார்க்காமல் வந்து நொந்துபோவது இன்னொரு ரகம். மழை ஓய்ந்த டிசம்பர், ஜனவரியில் ஆற்றில் ஓட்டம் இருக்கும், நாற்றம் அடங்கியிருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் அதே ஆறு வேறு ஆறு. சென்னைக் கடலில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரிய அளவில்கூட ஒரு மீட்டர் சுமார்தான். ஆனாலும் இறக்க நேரத்தில் கரைச் சேறு வெளியே தெரிந்துவிட்டால் அது போதும், மூக்குக்குத் தெரிந்துவிடும். வானிலையைப் பார்க்கிற அதே செல்போனில் கடல் ஏற்ற நேரத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடுத்தது திசை. பெரும்பாலானவர்கள் மெரினா பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு நேப்பியரிலிருந்து தொடங்குகிறார்கள். எனக்கு அது சரிப்படாது. சூரியன் எழும் நேரத்தில் பாலத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கும். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி, பெரியார் சிலையிலிருந்து இருட்டோடு கிளம்பி, சிவானந்தா சாலை வழியாகக் கிழக்கே போனால் விடியும்போது நேப்பியர் மேல் இருக்கலாம். ஆறும் இடது கைப் பக்கமே வரும், குறுக்கே கடக்க வேண்டிய இடங்களும் குறையும். பிறகு கொடிமரச் சாலையில் மேற்கே திரும்பும்போது வெயில் முதுகில்தான் விழும். ஜூனில் 5.40-க்கெல்லாம் சூரியன் வந்துவிடும், ஜனவரியில் 6.30 ஆகும். எட்டு மணிக்குக் கிளம்பினால் நேப்பியரில் ஒதுங்க ஒரு நிழல் இருக்காது.

கொடிமரச் சாலையைத் தாண்டியதும் வரும் வாலாஜா பாயின்ட் சந்திப்பில் வழி தவறுகிறவர்கள் உண்டு. அங்கே அண்ணா சாலை பக்கம் திரும்பாமல் விட்டால் முத்துசாமி பாலம் ஏறி, ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைப் பக்கம் போய்ச் சேருவீர்கள். அது சென்ட்ரலுக்குப் போகிறவர்களின் வழி. மன்றோ சிலை கண்ணில் பட வேண்டும், அதுதான் கணக்கு. குதிரை மேல் உட்கார்ந்திருக்கிற, மதராஸ் ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோவுக்குச் சேணமும் இல்லை, கால் வைக்க வளையமும் இல்லை. லண்டனில் சான்ட்ரி என்ற சிற்பி செய்து அனுப்ப, 1839-ல் இங்கே நிறுத்தினார்கள். கால்கள் இரண்டும் சும்மா தொங்குவது நடைபாதையிலிருந்தே நன்றாகத் தெரியும். கிட்டே போய்ப் பார்க்க நடுரோட்டுக்கு ஓடாதீர்கள். விடிகாலையில் அண்ணா சாலை காலியாக இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். பஸ் ஓட்டுகிறவரும் அதையேதான் நினைக்கிறார்.

போர் நினைவுச் சின்னம் சந்திப்பிலும் அதே கதை. சிக்னல் விழும் வரை நிற்கப் பொறுமை வேண்டும்.

தீவுத்திடலில் ஒரு பகுதி ராணுவத்தின் இடம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வாயிற்கதவு, காவல் நிற்கும் ஆள், உள்ளே இருக்கும் கட்டடம் எதையும் படம் எடுக்க வேண்டாம். கேமராவை நேப்பியருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நாள் தேர்விலும் கவனம் வேண்டும். குடியரசு தின ஒத்திகை என்றால் காமராஜர் சாலைப் போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி கோட்டைப் பக்கம் கெடுபிடி. சேப்பாக்கத்தில் மேட்ச், தீவுத்திடலில் பொருட்காட்சி என்றால் சாயங்கால நடை வேண்டவே வேண்டாம், காலையில் பிரச்சினை இல்லை. சிவானந்தா சாலையில் ஆர்ப்பாட்டம் நடக்கிற நாளும் உண்டு. தடுப்பு போட்டிருந்தால் அங்கே நிற்கும் போலீஸ்காரரிடம் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

தண்ணீர் பாட்டிலைக் கையோடு எடுத்துப் போங்கள், வழியில் டீக்கடை வரும் என்று கொடிமரச் சாலையை நம்பாதீர்கள். கழிப்பறை வேலையை வீட்டிலேயே முடித்துக்கொள்வது உத்தமம். டிபனை மட்டும் முன்னாலேயே முடித்துவிடாதீர்கள். பெரியார் சிலையிலிருந்து திருவல்லிக்கேணி பக்கம்தான், ரத்னா கஃபேயில் இட்லி மூழ்க மூழ்க சாம்பார் ஊற்றுவார்கள்.