ரோமானியச் சிவப்பும் ஊதாவும்: சாயமிடும்போது எங்கே தவறுகிறோம்

நாடகத்துக்கோ நெசவுப் பயிற்சிக்கோ ரோமானிய உடை செய்ய முனைபவர்கள் பெரும்பாலும் கடையில் வெள்ளைத் துணி வாங்கி, அதை அப்படியே சாயத்தில் முக்குகிறார்கள். ரோமானியச் சாயக்காரர் பெரும்பாலும் நெய்வதற்கு முன்பே ரோமத்துக்கோ நூல் கழிக்கோ நிறமேற்றினார். டூனிக் என்ற மேலங்கியைக் கைப்பக்கம் தொடங்கி மறு கைப்பக்கம் வரை குறுக்காக நெய்தார்கள். அதனால் தோளிலிருந்து இறங்கும் இரண்டு ஊதாப் பட்டைகளும் தறியில் ஊடையாகவே விழுந்தன. செனட்டருக்கு அகலப் பட்டை, அடுத்த வகுப்பாருக்குக் குறுகிய பட்டை. நாடா வாங்கித் தைத்தால் பட்டை உயர்ந்து நிற்கும். உடை பொய்யாகத் தெரியும்.

பருத்தியும் வேண்டாம். இங்கே சொல்லும் அளவுகள் எல்லாம் ஆட்டுக் கம்பளி நூலுக்குரியவை.

நூலில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். சலவைக்காரர்கள் இதற்குப் புளித்த சிறுநீரைப் பயன்படுத்தினார்கள்; அதிலுள்ள அம்மோனியாதான் பிசுக்கை எடுத்தது. இன்று மென்மையான சோப்பும் 50 டிகிரி வெந்நீரும் போதும். சூட்டிலிருந்து நேரே குளிர்ந்த நீருக்கு மாற்றினாலோ கசக்கினாலோ கம்பளி இறுகி அட்டையாகிவிடும்.

அடுத்தது சாயத்தை நூலில் பிடிக்கவைக்கும் படிகாரம். 100 கிராம் உலர்ந்த நூலுக்கு 15 கிராம் எடுத்து வெந்நீரில் கரைத்து, நனைந்த நூலைப் போட்டு, மெல்ல 80 டிகிரிக்கு ஏற்றி ஒரு மணி நேரம் வையுங்கள். அந்த நீரிலேயே இரவு முழுவதும் ஆறட்டும். அதிகம் போட்டால் அதிக நிறம் வரும் என்று படிகாரத்தைக் கொட்டுபவர்களுக்குக் கையில் ஒட்டும் பிசுபிசுத்த நூல்தான் கிடைக்கும்.

சிவப்புக்கு ரோமில் பயன்பட்டது மேடர் செடியின் வேர். அந்த வேரின் செந்நிறப் பொருள் அலிசரின். நம் கடைகளில் கிடைக்கும் மஞ்சிட்டி இதற்கு நெருங்கிய உறவு என்றாலும் அதில் வேறு சாயப் பொருள்களே மிகுதி. அதை வைத்துவிட்டு "ரோமானியச் சிவப்பு" என்று காட்டக்கூடாது. சோழமண்டலக் கரையின் சாயவேரில் அலிசரின் உண்டு. மேடர் கிடைக்காதபோது அதுவே பொருத்தம். 100 கிராம் நூலுக்கு 50 முதல் 100 கிராம் வேர்த்தூளை இரவில் ஊறவைத்து, நூலோடு சேர்த்து 60 டிகிரிக்கு மெல்லக் கொண்டுபோய் ஒரு மணி நேரம் அங்கேயே நிறுத்துங்கள். 70 தாண்டினால் வேரின் பழுப்புப் பொருள்களும் இறங்கிச் சிவப்பு செங்கல் நிறமாக மங்கும். இந்த வேலை கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வெப்பமானி இல்லாமல் தொடங்காதீர்கள். தண்ணீர் மென்மையாக இருந்தால் ஒரு சிட்டிகை சுண்ணாம்புக்கல் தூள் நிறத்தைத் தெளிவாக்கும். இரும்புச் சட்டி கூடவே கூடாது, நிறம் கறுக்கும். பொம்பேய் என்ற ரோமானிய நகரின் சாயப் பட்டறைகளில் கட்டடத்துக்குள் பதித்த ஈயக் கொப்பரைகள் இருந்தன. ஈயம் நஞ்சு என்பதால் நமக்கு எஃகுப் பாத்திரம்.

ஊதாவில்தான் கற்பனை அதிகம் ஓடுகிறது. பளிச்சென்ற கத்தரிப்பூ நிறத்தைத் தேடுகிறார்கள். ரோமானிய எழுத்தாளர் பிளினி மெச்சிய, இன்றைய லெபனானிலுள்ள தீர் நகரத்தின் ஊதாவோ உறைந்த இரத்தத்தின் நிறம்: பார்த்தவுடன் கறுப்பு, ஒளியில் சாய்த்தால் பளபளப்பு. முள் நிறைந்த கடல் நத்தைகளின் சுரப்பியை உப்பிட்டு மூன்று நாள் ஊறவைத்து, தொலைவிலுள்ள அடுப்பிலிருந்து குழாய் வழியே வரும் மிதமான சூட்டில் வைத்து, பத்தாம் நாள் வாக்கில் ரோமத்தை முக்கிப் பார்ப்பார்கள் என்று எழுதுகிறார். கொதிக்கவிடாத அந்தச் சூடு காரணத்தோடு இருந்தது: அழுகும் சதையின் நுண்ணுயிரிகள்தான் கரையாத சாயத்தைக் கரையும் வடிவத்துக்கு மாற்றுகின்றன, கொதித்தால் அவை சாகும். அந்தக் கரைந்த நிலையில் தொட்டியின்மேல் வெயில் பட்டாலோ சாயத்திலுள்ள புரோமின் பிரிந்து நிறம் நீலமாகும். ஊதா வேண்டுமென்றால் மூடியிட்டு நிழலில் வைக்கவேண்டும்.

1909-இல் வேதியியலாளர் ஃப்ரீட்லெண்டர் 12,000 நத்தைகளிலிருந்து எடுத்த தூய சாயம் வெறும் 1.4 கிராம். ஆகவே நாடகத்தில் வரும் எல்லோருக்கும் நத்தை ஊதா உடை என்று காட்டவேண்டாம். ரோமானிய எகிப்தில் கிடைத்த ஊதாத் துணிகளில் பெரும்பாலானவை மேடரும் நீலச் சாயமும் கலந்தவை. நீலத்துக்கு ரோமானியர் வோட் செடியைப் பயன்படுத்தினர். நம் அவுரியிலும் அதே சாயப்பொருள்தான், தயங்காமல் மாற்றலாம். வரிசை மட்டும் மாறக்கூடாது: முதலில் அவுரித் தொட்டி, நன்கு அலசல், பிறகு படிகாரம், கடைசியில் மேடர். மாற்றிச் செய்தால் தொட்டியின் காரம் சிவப்பைக் கெடுத்துவிடும்.

நகையில் ஒரே ஒரு எச்சரிக்கை. இன்றைய வைரம்போலப் பல முகம் வெட்டிய கற்களைப் பதிக்காதீர்கள். அந்த வெட்டு பல நூற்றாண்டுகள் பிந்தியது. ரோமானியர் மரகதத்தை அதன் இயல்பான அறுகோணத் தண்டாகவே துளையிட்டுத் தங்கக் கம்பியில் கோத்தார்கள். மோதிரக் கல் மேடிட்டோ உருவம் குடைந்தோ இருக்கும். அதைக் கொக்கிகள் அல்ல, சுற்றிலும் மடித்த தங்க விளிம்பே பிடித்திருக்கும். மரகதத்தின் இனமான பெரில் கல்லையும் அறுகோணமாகத் தீட்டுவார்கள் என்கிறார் பிளினி, அது இந்தியாவிலிருந்து வருவதாகவும் சொல்கிறார். காங்கேயம் பக்கத்துப் படியூரில் ஒருகாலத்தில் அந்தக் கல்லைத் தோண்டி எடுத்தார்கள். அதன் ஆறு முகத்தை அழிக்காமல் மெருகிட்டாலே போதும்.