அலுவலகக் கணக்கும் மேகக் கணக்கும் ஒத்துப்போக: முதல்முறை அமைப்பவர்களுக்கு

சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில் ஒரு சிறிய நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். சர்வர் அறையில், ஊழியர் கணக்குகளைப் பதிந்து வைக்கும் ஆக்டிவ் டைரக்டரி. மின்னஞ்சலும் டீம்ஸும் மைக்ரோசாஃப்ட் 365இல். ஊழியருக்கு இரண்டு மறைச்சொற்கள், நிர்வாகிக்கு இரட்டை வேலை. என்ட்ரா கனெக்ட் சிங்க் என்ற இலவசக் கருவி இரண்டையும் இணைக்கிறது. அலுவலக டைரக்டரிதான் மூலம். மேகக் கணக்குகளை வைத்திருக்கும், 2023 வரை அஷ்யூர் ஏடி எனப்பட்ட என்ட்ரா ஐடி அதைப் பின்பற்றும்.

முதல் படி, பெயர்களைச் சீர்செய்வது. கருவியை நிறுவுவதைவிட இதற்குத்தான் நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும். நம் அடையாள அட்டைகளில் ‘எஸ்/ஓ’, ‘டி/ஓ’ உண்டு. மனிதவளப் பிரிவு தரும் பெயரை அப்படியே ஒட்டினால், அந்தச் சாய்கோட்டைப் பயனர் பெயர் ஏற்காது. காட்சிப் பெயரில் இருந்துவிட்டுப் போகட்டும். தந்தை பெயரை வெட்டிவிட்டாலோ இரண்டு குமார்கள் ஒரே முகவரிக்கு மோதுவார்கள். ஐடிஃபிக்ஸ் என்ற கருவி இத்தகைய பிழைகளைப் பட்டியலிட்டுக் காட்டும். அடையாள அட்டை எண்ணையே பயனர் பெயராக்கலாம் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து மறுத்துவிடுங்கள்.

அடுத்தது டொமைன். உள்நுழைவுப் பெயர் ‘.லோக்கல்’ என முடிந்தால் மேகத்தில் அது செல்லாது. உங்கள் ‘.காம்.எஸ்ஜி’ டொமைனை என்ட்ராவில் உறுதிப்படுத்தி, டைரக்டரியிலும் யூபிஎன் (உள்நுழைவுப் பெயர்) பின்னொட்டாகச் சேர்த்து, பயனர்களை அதற்கு மாற்றுங்கள். மேகத்தில் ஏற்கெனவே இருக்கும் கணக்கோடு முதன்மை மின்னஞ்சலோ யூபிஎன்னோ பொருந்தினால் இரண்டும் ஒன்றாகும். பொருந்தாவிட்டால் அதே ஊழியருக்கு இன்னொரு கணக்கு முளைக்கும்.

இனி நிறுவலாம். ஆக்டிவ் டைரக்டரியின் டொமைனில் இணைந்த விண்டோஸ் சர்வர் 2016 அல்லது அதற்குப் பிந்தையது போதும். எக்ஸ்பிரஸ் வழி எல்லாரையும் ஒரேயடியாக அனுப்பிவிடும். கஸ்டம் வழியில் சென்று, சோதனைக் கணக்குகள் உள்ள ஓயூவை (டைரக்டரியில் கணக்குகளைப் பிரித்து வைக்கும் உட்பிரிவு) மட்டும் தேர்ந்தெடுங்கள். மறைச்சொல்லை ஒத்திசைக்க, பாஸ்வேர்டு ஹாஷ் சிங்க் என்ற முறையே தொடக்கத்துக்கு ஏற்றது. மறைச்சொல் மேகத்துக்குப் போவதில்லை. அதிலிருந்து கணக்கிடப்படும், மீண்டும் மறைச்சொல்லாக்க முடியாத ஹாஷ் என்ற குறியீடுதான், அதுவும் மறுபடி ஹாஷ் செய்யப்பட்டே போகிறது.

மறைச்சொல் மாற்றம் சுமார் 2 நிமிடத்தில் சேரும், மற்றவை 30 நிமிடத்துக்கு ஒருமுறை. ஆகவே, ஊழியர் விலகும் நாளில் டைரக்டரியில் கணக்கை முடக்கி, பவர்ஷெல் கட்டளைச் சாளரத்தில், மாற்றங்களை மட்டும் அனுப்பும் டெல்டா சுழற்சியை உடனே இயக்குங்கள். என்ட்ராவில் அவர் ஏற்கெனவே உள்நுழைந்திருக்கும் அமர்வுகளையும் ரத்து செய்யுங்கள். அவரை ஒத்திசைவில் இல்லாத ஓயூவுக்கு நகர்த்தினால் மேகக் கணக்கு நீக்கப்பட்டுவிடும்; மீட்க 30 நாள் அவகாசம் உண்டு.