வீட்டு வேலைக்கு ஆள் வைக்கும் முன்

மகனுக்கு ஒன்றரை வயது. ஒருநாள் மாலை அலுவலகத்திலிருந்து வந்து தூக்கியபோது பின்னந்தலையில் வீக்கம் கைக்குத் தட்டுப்பட்டது. கட்டிலிலிருந்து விழுந்திருக்கிறான். பகல் முழுவதும் எனக்குத் தகவல் இல்லை. கேட்டதும் அவனைப் பார்த்துக்கொண்ட அக்கா அழுதுவிட்டார். "சம்பளத்தில் பிடித்துவிடுவீர்களோ என்று பயந்தேன் அம்மா." முந்தைய மாதம் உடைந்த மிக்ஸி ஜாருக்காக 300 ரூபாய் பிடித்தவள் நான்தான். பயந்துபோய் இருப்பவரிடம் குழந்தையை விட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது என்பதை அன்று கற்றுக்கொண்டேன். முதன்முறையாக ஆள் வைப்பவர்களுக்காக, நான் இப்போது செய்யும் முறையைச் சொல்கிறேன்.

முதல் படி: வேலையை எழுதுங்கள்

"வீட்டு வேலை" என்று பொத்தாம்பொதுவாகப் பேசாதீர்கள். பாத்திரம், பெருக்கித் துடைப்பது, துணி, சமையல், குழந்தை, நாயை நடக்க அழைத்துப்போவது என ஒவ்வொன்றும் தனி வேலை. குழந்தையைப் பார்க்க வந்தவரிடம் நாளடைவில் பாத்திரத்தையும் தள்ளிவிடுவது நம் வீடுகளில் வழக்கம். அவர் குழாயடியில் நிற்கும் அந்த இருபது நிமிடம் குழந்தையை யார் பார்ப்பது?

இரண்டாம் படி: சம்பளமும் விடுப்பும்

தமிழக அரசு வீட்டு வேலைக்குக் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயித்திருக்கிறது. தொழிலாளர் துறையில் இப்போதைய தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே பேரம் பேசாதீர்கள். சம்பளத் தேதி, வாரம் ஒருநாள் விடுப்பு, தீபாவளி போனஸ் எல்லாவற்றையும் முதலிலேயே பேசி முடியுங்கள். உடம்பு சரியில்லாத நாளுக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள். பிடித்தால் அவர் காய்ச்சலோடு வந்து உங்கள் பிள்ளையைத்தான் தூக்குவார். பொருள் உடைந்தாலும் பிடித்தம் இல்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

"ஊரிலிருந்து ஒரு சின்னப் பெண் இருக்கிறாள், சாப்பாடு போட்டால் போதும்" என்று யாராவது சொன்னால் உடனே மறுத்துவிடுங்கள். 14 வயதுக்குட்பட்டவர்களை வீட்டு வேலைக்கு வைப்பது 2006 அக்டோபர் 10 முதல் இந்தியா முழுவதும் தடை செய்யப்பட்டிருக்கிறது. 18 ஆகாத யாரையும் நான் வைக்க மாட்டேன். அக்கம்பக்கத்தில் அப்படி ஒரு குழந்தையைப் பார்த்தால் 1098-ஐ அழையுங்கள்.

மூன்றாம் படி: விசாரணை, இரு பக்கமும்

முன்பு வேலை பார்த்த வீட்டாரிடம் போனில் பேசுங்கள். அடையாள அட்டையின் நகல் போதும், அசலை வாங்கி வைக்காதீர்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் வீட்டுப் பணியாளர் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம், அவரிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள். உங்கள் வீட்டைப் பற்றிக் கேட்க அவருக்கும் உரிமை உண்டு. யார் யார் இருக்கிறார்கள், நாய் கடிக்குமா, கேமரா இருக்கிறதா என்பதையெல்லாம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் உடை மாற்றும் இடத்தில் கேமரா கூடவே கூடாது.

நான்காம் படி: வீட்டைச் சுற்றிக் காட்டுங்கள்

இதற்கு அரைநாள் ஒதுக்குங்கள். எங்கள் வீட்டில் பூனை இருக்கிறது. பினாயில் ஊற்றித் துடைத்த ஈரத் தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினால் பூனைக்கு விஷம். ஆகவே வெறும் தண்ணீரில் துடைக்கச் சொல்லி, காரணத்தையும் சொன்னேன். காரணம் தெரிந்த பிறகு, விருந்தாளி ஒருவர் பினாயில் புட்டியை எடுத்தபோது அக்காவே தடுத்தார். பாராசிட்டமால் ஒரு மாத்திரைகூடப் பூனையைக் கொல்லும். நாய்க்குத் திராட்சை, சாக்லேட், வெங்காயம் ஆகாது. பாயசத்தில் போடும் உலர்திராட்சையும் அதில் சேர்த்தி.

குழந்தைக்கு அடுப்பைவிட நான் அஞ்சுவது குளியலறை வாளியைத்தான். நாலு விரற்கடை தண்ணீரே தவழும் பிள்ளையை மூழ்கடித்துவிடும். வாளியை எப்போதும் கவிழ்த்து வையுங்கள். ஆசிட் புட்டி வீட்டிலேயே வேண்டாம்.

புதியவரையும் நாயையும் முதல் நாளே தனியாக விடாதீர்கள். நீங்கள் வாரைப் பிடித்திருக்க, இரண்டு மூன்று முறை பழகட்டும். குழந்தையையும் நாயையும் ஒரே அறையில் தனியே விடக் கூடாது என்பது உங்களுக்கும் சேர்த்துத்தான். யாரைக் கடித்தாலும், கீறினாலும் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். செலவு உங்களுடையது.

108-ஐயும் உங்கள் எண்ணையும் கொட்டை எழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள்.

ஐந்தாம் படி: முதல் வாரம் உடனிருங்கள்

கண்காணிக்க அல்ல, கற்றுக்கொடுக்க. உங்கள் கழிப்பறையை அவரும் பயன்படுத்தட்டும். தனித் தட்டு, தனி டம்ளர் வேண்டாம். உங்கள் பிள்ளை அவர் கையால்தான் சாப்பிடுகிறது. வீட்டுப் பணியாளர்களுக்கென 2007 முதல் தமிழகத்தில் நல வாரியம் இருக்கிறது. பிள்ளைகளின் கல்விக்கும் விபத்துக்கும் முதுமைக்கும் உதவித்தொகை உண்டு. விண்ணப்பத்தை உட்கார்ந்து நிரப்பிக்கொடுங்கள்.

போன மாதம் பதினொரு மணிக்கு, கூட்டத்தில் இருக்கும்போது அக்காவிடமிருந்து போன் வந்தது. "தம்பி மூக்கில் பொட்டுக்கடலையைப் போட்டுக்கொண்டான். தும்மியதில் வெளியே வந்துவிட்டது. நன்றாகத்தான் இருக்கிறான். ஆனாலும் உங்களிடம் சொல்ல வேண்டும் இல்லையா?"